சுழியத்தில் தொடங்கும் உணவு அளவு: காப்பகக் கைக்குழந்தைகளுக்கான விதிகளும் அவற்றின் காரணங்களும்

அமெரிக்க அரசு, பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களில் தரப்படும் உணவுக்கு நிதி வழங்கும் திட்டமொன்றை நடத்தி வருகிறது. 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அதன் திருத்திய விதிகள், ஓராண்டு நிறையாத குழந்தைகளை ஐந்து மாதம் வரையிலானவர்கள், 6 முதல் 11 மாதம் வரையிலானவர்கள் என இரண்டே பிரிவாக்குகின்றன. முதல் பிரிவினருக்கு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 120 முதல் 180 மில்லிலிட்டர் தாய்ப்பாலோ இரும்புச்சத்து சேர்த்த பால்மாவில் கலக்கிய பாலோ போதும்; வேறு எதுவும் கட்டாயமில்லை. இரண்டாம் பிரிவினருக்குப் பாலின் அளவு சற்றுக் கூடுவதோடு, காய்கறி அல்லது பழம் '0 முதல் 2 மேசைக்கரண்டி வரை' என்று குறிக்கப்பட்டிருக்கிறது. உணவு அட்டவணை ஒன்றில் குறைந்தபட்ச அளவு சுழியமாக இருப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அந்த அட்டவணையில் உடலியலை மிகச் சரியாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட எண் அதுதான் என்பேன்.

பிறந்த குழந்தையின் வாயில் கெட்டியான எதை வைத்தாலும் நாக்கு அதை அனிச்சையாக வெளியே தள்ளிவிடும். இந்த அனிச்சைச் செயல் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் மறைகிறது. தலை நிற்பது, தாங்கிப் பிடித்தால் உட்காருவது, உணவை நாக்கின் பின்பகுதிக்கு நகர்த்தி விழுங்குவது ஆகிய திறன்களும் ஏறத்தாழ அதே காலத்தில் கைகூடுகின்றன. எனினும் எல்லாக் குழந்தைக்கும் ஒரே நாளில் அல்ல. ஆகவே ஆறு மாதம் நிரம்பியதாலேயே இரண்டு கரண்டி ஊட்டியாக வேண்டும் என்று விதித்தால், இன்னும் தயாராகாத குழந்தைக்கு அது திணிப்பாகிவிடும். பாலின் விஷயத்திலும் கடிகாரத்தைவிடப் பசியே முக்கியம். தலையைத் திருப்பி மார்பையோ புட்டியையோ தேடுவதும், கையை வாய்க்குக் கொண்டுபோவதும் பசியின் தொடக்கக் குறிகள். அழுகை தாமதமாக வரும் குறி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். புட்டியில் மிச்சம் இருக்கிறதே என்பதற்காக மீண்டும் வாயில் வைப்பது, குழந்தைக்கு இயல்பாகவே உள்ள அளவறியும் திறனைக் குலைக்கும்.

அப்படியானால் ஆறு மாதம் என்ற எல்லை எதற்கு? முக்கியமான காரணம் இரும்புச்சத்து. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை, கருவில் இருந்தபோதே சேமித்த இரும்பைக் கொண்டு முதல் நான்கு முதல் ஆறு மாதங்களைக் கடத்திவிடுகிறது. தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உறிஞ்சப்பட்டாலும், அதன் அளவு லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவு. ஏழாம் மாதத்திலிருந்து அமெரிக்கப் பரிந்துரைப்படி நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் தேவைப்படுகிறது. வளர்ந்த ஆணுக்குப் பரிந்துரைக்கப்படும் 8 மில்லிகிராமைவிட இது அதிகம். மூளை வேகமாக வளரும் இக்காலத்தில் இந்தப் பற்றாக்குறை நீடித்தால் கற்றல் திறன் பாதிக்கப்படக்கூடும். இரும்பு சேர்த்த தானியக் கூழும் மசித்த இறைச்சியும் பருப்பும் இணை உணவாக முன்னிறுத்தப்படுவது இதனால்தான்.

ஓராண்டு நிறையும் முன் பசும்பாலை முக்கியப் பானமாகத் தரக்கூடாது என்பதற்கும் இதே கணக்குப் பொருந்தும்: அதில் இரும்பு மிகக் குறைவு, சில குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவையும் அது உண்டாக்கும், மிகுதியான புரதமும் தாது உப்புகளும் சிறுநீரகத்துக்குச் சுமையாகும். தேனுக்கான தடை வேறு வகையானது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் உறங்குநிலை வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. அந்தக் காவல் இன்னும் அமையாத கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உற்பத்தி செய்யக்கூடும். சாதாரணச் சமையல் வெப்பத்தில் அந்த வித்துகள் அழிவதில்லை என்பதால், தேன் சேர்த்துச் சமைத்த பண்டங்களும் தவிர்க்கப்படுகின்றன.

உணவின் அளவில் இவ்வளவு தளர்வு காட்டும் விதிகள், தயாரிப்பில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. பால்மாவு கிருமி நீக்கம் செய்யப்பட்ட பொருள் அன்று என்பது பலர் அறியாத செய்தி. உலர்ந்த மாவில் குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா நெடுநாள் உயிர்வாழும். அதன் தொற்று அரிதென்றாலும், பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைகளுக்கு உயிராபத்தானது. ஆகவேதான் கொதித்த நீரை 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறவிடாமல் மாவில் கலந்து, பிறகு விரைவாகக் குளிரவைத்து ஊட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வழிகாட்டியது. கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டாவிட்டால் கொட்டிவிட வேண்டும். மாவை மிச்சப்படுத்தக் கூடுதலாக நீர் ஊற்றுவது இன்னும் ஆபத்தானது. இரத்தத்தில் சோடியம் சரிந்து வலிப்புகூட வரலாம்.

வீட்டிலிருந்து வரும் தாய்ப்பாலில் பெயரும் எடுத்த தேதியும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு தாயின் பால் தவறுதலாக வேறொரு குழந்தைக்குப் போகக்கூடாது. புதிதாக எடுத்த பால் 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாட்களும் தாங்கும். அதை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக்கூடாது. வெப்பம் சீராகப் பரவாததால், புட்டியின் வெளிப்புறம் மிதமான சூட்டில் இருக்கும்போதே உள்ளே ஓரிடத்துப் பால் வாயைப் பொசுக்கும் அளவுக்குக் கொதித்திருக்கலாம். வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியைச் சற்று நேரம் வைத்து, மெல்லச் சுழற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதே சரியான முறை. கூழையும் நேரே ஜாடியிலிருந்து ஊட்டாமல் கிண்ணத்தில் எடுத்தே ஊட்ட வேண்டும். கரண்டியோடு போகும் உமிழ்நீரிலுள்ள பாக்டீரியாக்கள் மிச்சத்தைக் கெடுத்துவிடும்.

முட்டை, நிலக்கடலை போன்ற ஒவ்வாமை உணவுகளைத் தள்ளிப்போடுவதே நல்லது என்ற பழைய அறிவுரை இப்போது மாறிவிட்டது. ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள கைக்குழந்தைகளிடம் லண்டனில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், முதல் ஆண்டிலேயே நிலக்கடலை உணவு கொடுக்கப்பட்டவர்களிடம் ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய முழுக்கடலை அல்ல, மிருதுவாகக் குழைத்த வடிவமே இங்கே பொருள். கடுமையான தோலழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். புதிய உணவு எதுவானாலும் முதலில் வீட்டில் ஒன்றொன்றாகக் கொடுத்துப் பார்த்த பின்பே காப்பகத்தின் பட்டியலில் சேர்ப்பது நல்லது. ஒரே நாளில் மூன்று புதிய உணவுகளைக் கொடுத்துவிட்டுத் தடிப்பு வந்தால், எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.