லாகர் ‘மென்பீர்’ அல்ல

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கல்யாண விருந்துப் பட்டியலைப் பார்த்தாலும் சரி, மொழிபெயர்த்த செய்தியைப் படித்தாலும் சரி, லாகர் என்ற பீர் வகை ‘மென்பீர்’ ஆகிவிடுகிறது, ஸ்டவுட் என்ற வகை ‘வன்பீர்’ ஆகிவிடுகிறது. இதை இனியும் பொறுத்துக்கொண்டிருக்க முடியாது.

லாகர் ஜெர்மன் சொல். ‘லாகெர்ன்’ என்றால் சேமித்து வைத்தல். பவேரியாவில் பீரைக் குளிர்ந்த நிலவறைகளில் மாதக்கணக்கில் கிடக்கவிட்டார்கள். பெயர் அப்படி வந்தது.

சரி, ‘மென்’ என்பது எதைக் குறிக்கிறது? போதை குறைவு என்றா, நிறம் வெளிர் என்றா? இரண்டுமே லாகருக்கு இலக்கணம் ஆகாது. ஜெர்மானியரின் டொப்பல்பாக்கும் லாகர்தான். பெரும்பாலும் கரும்பழுப்பு நிறம். மதுச்சத்து 7 விழுக்காடு, அதற்கு மேலும் போகும். கின்னஸ் டிராஃப்ட் ஸ்டவுட்டிலோ 4.2 விழுக்காட்டை ஒட்டித்தான். இதில் எது வன்மை, எது மென்மை? பொன்னிற லாகர்கூட 1842இல் பில்சன் நகரில் காய்ச்சிய பீருக்குப் பிறகு பரவியதுதான். லாகரை ‘ஏல்’ என்ற மற்றொரு பெரும் பீர் வகையிலிருந்து பிரிப்பது, நொதிக்கவைக்கும் ஈஸ்ட். லாகர் ஈஸ்ட் 10 பாகை செல்சியஸை ஒட்டிய குளிரில் மெதுவாக வேலை செய்யும். ஏல் ஈஸ்டுக்கு 20 பாகை அளவில் வெப்பம் வேண்டும். ஸ்டவுட் இந்த ஏல் குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் ஒன்றையாவது ‘மென்பீர்’ சொல்கிறதா?

‘வன்பீர்’ பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஸ்டவுட் என்றால் வலுவான பீர். ஆனால் சொல் அங்கிருந்து நகர்ந்து வெகுகாலம் ஆகிறது. இன்று அது வறுத்த தானியத்தின் கருமையையும் கசப்பையும் குறிக்கிறது. ‘வறுபார்லி பீர்’ என்றால் விளங்கும்.

லாகருக்கு என் பரிந்துரை ‘கிடங்குப் பீர்’. கிட என்ற வேரில் பிறந்தது கிடங்கு; ஜெர்மன் சொல்லின் வேரும் கிடத்தல்தான். கிடங்கைக் குறிக்கும் மலாய் ‘குடாங்’ நம் கிடங்கிலிருந்து போனது என்பாரும் உண்டு. இந்த நாட்டில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

இன்னும் மோசம், பீரையே ‘சாராயம்’ என்று எழுதுவது. சாராயம் காய்ச்சி வடிப்பது; பீர் நொதிப்போடு நின்றுவிடும். நொதித்த கள்ளுக்கும் வடித்த சம்சுக்கும் உள்ள வித்தியாசம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியை மூடிவிட்டு முதலில் அவர்களிடம் கேட்கட்டும்.