எதிர்பாராத உதவி ஏன் இத்தனை இனிக்கிறது?

வீட்டார் அன்றாடம் செய்யும் எத்தனையோ உதவிகள் மனத்தில் பதியாமலே கடந்துபோகின்றன. முன்பின் அறியாத ஒருவர் செய்த சிறு உதவியோ நாள் முழுவதும் நெஞ்சில் இனிக்கிறது. இது நன்றி கெட்ட மனத்தின் அடையாளமா என்று வாசகி ஒருவர் வருத்தத்தோடு கேட்டிருந்தார். இல்லை என்பதே விடை. நம் மூளை ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு கழித்தல் கணக்குதான் இதற்குக் காரணம்.

நரம்பு செல்கள் மின் துடிப்புகளாலும் வேதிப்பொருள்களாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்பது பள்ளியில் படித்ததே. அவ்வேதிப்பொருள்களுள் ஒன்று டோபமின். நடுமூளையில் இருக்கும் சில லட்சம் செல்களே அதைச் சுரந்து மூளையின் பெரும்பரப்புக்கு அனுப்புகின்றன. பார்க்கின்சன் நோயில் இச்செல்கள் அழிவதால் உடல் அசைவு தடுமாறுகிறது. ஆகவே இவை அசைவைக் கட்டுப்படுத்துபவையாக இருக்கும் என்ற எண்ணத்துடன், குரங்குகளின் மூளையில் மிக நுண்ணிய மின்முனைகளைச் செருகி அவற்றின் துடிப்புகளைப் பதிவுசெய்யத் தொடங்கினார் நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்.

அவர் கண்டது வேறு. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால், வழக்கமாக நொடிக்குச் சில முறை மட்டுமே துடிக்கும் டோபமின் செல்கள் சட்டென்று படபடவெனத் துடித்தன. அடுத்து, சாறு வருவதற்குச் சற்று முன் ஒரு விளக்கு எரியும்படி செய்து, குரங்கு அதைப் பழகும்வரை காத்திருந்தார்கள். பழகிய பின், விளக்கு எரிந்தபோதே செல்கள் துடித்தன. சாறு வாயில் விழுந்தபோது வழக்கமான நிலையிலேயே இருந்தன. அதே சாறு, அதே இனிப்பு, ஆனால் டோபமின் செல்களுக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. எதிர்பார்த்தது வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதைவிட என்னை வியக்கவைப்பது மூன்றாவது கட்டம். விளக்கை எரியவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டபோது, சாறு வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் செல்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே சரிந்தது. அந்தக் கணத்தில் வெளியுலகில் எதுவுமே நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒளியோ ஒலியோ சுவையோ இல்லை. நடக்காத ஒன்றுக்கு, அது நடந்திருக்க வேண்டிய நேரத்தில், ஒரு செல் தன் துடிப்பை நிறுத்திப் பதில் சொல்கிறதென்றால், என்ன வரும் என்பதோடு எப்போது வரும் என்பதையும் மூளை கணித்து வைத்திருக்கிறது என்றுதான் பொருள். கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வரும் மீதியையே இச்செல்கள் அறிவிக்கின்றன என்று ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேகு ஆகிய மூவரும் 1997இல் விளக்கினார்கள். கணினிகள் அனுபவத்திலிருந்து தாமே கற்பதற்காக ரிச்சர்ட் சட்டனும் ஆண்ட்ரூ பார்ட்டோவும் உருவாக்கிய விதியும் இதே கழித்தலைத்தான் அடிப்படையாகக் கொண்டது. உடனடிப் பயன் என்ன என்று முதலிலேயே எழுதிக் கேட்டுவிட்டு நிதி ஒதுக்குபவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும்; அசைவைத் தேடிப் போன ஆய்வு கற்றலின் அடிப்படை விதியோடு திரும்பிவரும் என்று எந்த விண்ணப்பப் படிவத்தில் எழுதியிருக்க முடியும்?

வாசகியின் கேள்விக்கு இங்கேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. வீட்டாரின் அன்பு முழுமையாக எதிர்பார்க்கப்படுவதால் கழித்தலில் மீதி சுழியமாகிறது. மீதிதான் சுழியமே தவிர, அன்பின் அளவு சுழியமன்று. அறிமுகமில்லாதவரிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை; ஆகவே அவர் தருவது முழுவதும் மீதியாக நிற்கிறது. மனிதர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பழச்சாறும் தண்ணீரும் கணிக்க இயலாத வரிசையில் கிடைத்தபோது, வெகுமதி கிடைக்கும்போது செயல்படும் மூளைப் பகுதிகள் கணிக்கக்கூடிய வரிசையைவிட அதிகமாகச் செயல்பட்டதை 2001இல் வெளியான ஒரு ஸ்கேன் ஆய்வு காட்டியது. பிறர் தரும் பாராட்டும் பணமும் மூளையின் ஒரே பகுதியைத் தூண்டுகின்றன என்பது 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டது.

டோபமினையே மகிழ்ச்சி என்று எழுதிவிடும் வழக்கம் பெருகியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. அதை வைத்து மாத்திரைகளும் விரத முறைகளும்கூட விற்கிறார்கள். டோபமின் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்ட எலிகளும் இனிப்பைச் சுவைத்தபோது வழக்கம்போல இன்பத்தின் முகக்குறிகளைக் காட்டின என்பதைக் கென்ட் பெரிட்ஜ் முதலானோர் நிறுவியிருக்கிறார்கள். டோபமின் தருவது இன்பத்தையன்று; ‘இது நீ நினைத்ததைவிட மேலானது, மறக்காதே’ என்ற செய்தியை.

ஆனால் டோபமின் செல்களின் துடிப்பு ஒரு நொடிக்குள் அடங்கிவிடுகிறது, மகிழ்ச்சியோ நீடிக்கிறது. உளவியலாளர்கள் திமோத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அழகான விளக்கம் தருகிறது. அறிமுகமில்லாதவர்களிடம் ஒரு நாணயம் ஒட்டிய அட்டையைக் கொடுத்தார்கள். சிலருடைய அட்டையில், இதைக் கொடுப்பது யார், ஏன் என்பதற்கு விளக்கம்போலத் தோன்றும் வரிகள் இருந்தன; மற்றவர்களுடையதில் அது இல்லை. சில நிமிடங்கள் கழித்துக் கேட்டபோது, காரணம் புரியாதவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். காரணம் புரிந்ததும் மூளை அந்நிகழ்வை வழக்கமானவற்றோடு சேர்த்துவிடுகிறது. ‘இவர் எனக்கு ஏன் இதைச் செய்தார்?’ என்ற கேள்வி விடையின்றி இருக்கும்வரை நினைவு அதனிடமே திரும்பத் திரும்பப் போகிறது.

கொடுப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. குளிர்நாளில் முன்பின் அறியாதவர்களுக்குச் சூடான பானம் கொடுக்கச் சொல்லி, பெறுபவர் எவ்வளவு மகிழ்வார் என்று கணிக்கவும் சொன்னார்கள் அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும். 2022இல் வெளியான அந்த ஆய்வில், பெற்றவர்களின் மகிழ்ச்சி கணிப்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. கொடுப்பவர் பொருளின் மதிப்பை எண்ணுகிறார், பெறுபவரோ அதிலுள்ள பரிவை எண்ணுகிறார் என்பது அவர்களின் விளக்கம். அதனோடு இன்னொன்றையும் சேர்க்கலாம் என்பது என் கருத்து. கொடுப்பவருக்குத் தாம் செய்யப்போவது முன்கூட்டியே தெரியும்; ஆகவே அவருடைய மூளையின் கணக்கில் வியப்பு என்ற இனமே இடம்பெறுவதில்லை.