பிள்ளை பெற்று 31 நாள் கழிந்தும் அழுகை நிற்கவில்லையா?

பிள்ளை பெற்ற வீட்டுப் படலையைத் திறக்கும்போதே பெற்றவளுக்குக் கொடுக்கிற காயம் என்ற மருந்துச் சரக்கு அரைக்கிற வாசம் வந்துவிடும். "மிசி வாறா" என்று கதிரை போடுவார்கள். மட்டக்களப்புப் படுவான்கரையில் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது மருத்துவிச்சியாக, வீடு வீடாகப் போகிற எனக்கு இது பழகிப்போன காட்சி. பிள்ளையின் நிறை, தொப்புள், தாயின் தையல், பால் என்று எதைக் கேட்டாலும் அவளுடைய அம்மாதான் பதில் சொல்வா. பெற்றவள் பேசாமல் இருப்பாள்.

அப்படி ஒருத்தி, பிள்ளையின் சட்டைகளை மடித்து, பிரித்து, திரும்பவும் மடித்துக்கொண்டே இருந்தாள். பிறந்து 5 கிழமை. "அம்மா, ஒரு பிளேன்டீ தாங்களேன்" என்றேன். அவளுடைய அம்மாவைக் குசினிக்கு அனுப்ப எனக்குத் தெரிந்த வழி அதுதான். இதனாலேயே எத்தனையோ வீட்டில் சீனி கூடிய தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

"பிள்ளை நித்திரை கொண்டாலும் எனக்கு வருதில்ல மிசி."

பிள்ளை பிறந்து 3ஆம் 4ஆம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உள்ளதுதான். ஹோர்மோன் சடுதியாக இறங்குகிறது, நித்திரையும் இல்லை. 2 கிழமைக்குள் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் அழுகை, பிள்ளையில் ஒட்டுதல் இல்லாமை, 'நான் கூடாத தாய்' என்ற எண்ணம் என்று நீண்டால் அது மனச்சோர்வு நோய். ஏறக்குறைய 10 தாய்மாரில் ஒருவருக்கு வரும். முதல் வருசத்துக்குள் எப்போதும் தொடங்கலாம்.

எங்கள் பக்கம் சீதன வீடு பெண்ணுக்கு. அம்மாவின் வளவிலோ அடுத்த வளவிலோதான் இருப்பாள். "தாய் பக்கத்தில, உனக்கென்ன குறை?" என்று ஊர் கேட்கும். அதற்குப் பிறகு அவள் எப்படி வாய் திறப்பாள்?

இந்த மனச்சோர்வைக் கண்டுபிடிக்க, 1987இல் வெளிவந்த எடின்பரோ கேள்விக்கொத்தைத்தான் நாங்கள் பாவிக்கிறோம். கடந்த 7 நாளைப் பற்றி 10 கேள்விகள். கடைசிக் கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் வந்ததா என்பது. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுமோ என்று புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் தயங்குகிறார்கள். கிளப்பாது. அவளிடம் கேட்டபோது கனநேரம் பேசவில்லை. பிறகு, "நான் இல்லாட்டி இவனுக்கு நல்லம் எண்டு வரும்" என்றாள். அன்றைக்கே வைத்தியரிடம் கதைத்தேன்.

அவளுடைய அம்மா, மந்திரிக்கிறவரிடம் பார்வை பார்க்க வேண்டும் என்றா. பாருங்கள், நூலும் கட்டுங்கள், கிளினிக்குக்கும் வாருங்கள் என்றேன். வைத்தியர் தைரொயிட்டும் இரத்தச்சோகையும் பார்த்துவிட்டு, ஆற்றுப்படுத்தலோடு மனச்சோர்வுக்கான செர்ட்ரலின் மாத்திரையும் கொடுத்தார். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம், பாலில் போவது மிகச் சொற்பம். கொஞ்சம் சுகமானதும் தானாக நிறுத்தக் கூடாது.

ஒன்று மட்டும் வேறு, பிள்ளை பெற்றபின் வரும் மனப்பிறழ்வு. நித்திரையே இல்லாமல் ஓயாத கதை, காதில் குரல், பிள்ளையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை. 1000 தாய்மாரில் ஒருவர் இருவருக்கு வருவது. ஊரில் பேய் என்பார்கள். அன்றைக்கே ஆசுபத்திரி, பிள்ளையோடு தனியே விடக் கூடாது. கதைக்க ஆள் வேண்டுமென்றால் இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

அவள் போன கிழமை கிளினிக்குக்கு வந்திருந்தாள். "நேத்துப் பின்னேரம் நானும் அவனும் ஒண்டா நித்திரையாகிட்டம் மிசி. அம்மா எழுப்பித்தான் எழும்பினன்."