திங்கட்கிழமை வயிற்றுவலி

காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும் பிள்ளை, பத்து மணியானதும் தேயிலைத் தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு) வாசலில் விளையாடுகிறது. "ஸ்கூலுக்குக் கள்ளம் அடிக்கிறான்" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்த வலி பொய்யல்ல. பயமும் கவலையும் கூடும்போது குடலின் அசைவு மாறுகிறது, நரம்புகள் சின்ன வலியையும் பெரிதாக உணர்கின்றன. பயம் விலகினால் வலியும் விலகும்.

கத்துகிற, அடிக்கிற பிள்ளையை எப்படியும் யாராவது கிளினிக்குக் கூட்டி வந்துவிடுகிறார்கள். தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்து பெனடோல் மாத்திரையோடு திரும்பும் பிள்ளைதான் யார் கண்ணிலும் படுவதில்லை.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், காய்ச்சல், மலத்தில் இரத்தம், தொப்புளைவிட்டு ஒரு பக்கமாக, முக்கியமாக வலது அடிவயிற்றில், வரும் வலி, விடிகாலைத் தலைவலியோடு வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளை வெளிறிப்போய்ச் சோர்ந்திருந்தால் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இவை ஒன்றும் இல்லையென்றால் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்து இரண்டு வாரம் எழுதுங்கள். என்ன கிழமை, எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, இரவு தூங்கியதா, எப்போது நின்றது. இந்த ஐந்து விபரம் போதும். எழுதப்படிக்கத் தெரியாத அம்மாயிதான் (பாட்டிதான்) பிள்ளையைப் பார்க்கிறார் என்றால், அக்காவோ பக்கத்துக் காம்பராக்காரரோ எழுதலாம். வைத்தியருக்கு இந்தக் கொப்பி மிகவும் உதவும்.

அம்மா பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) புறப்படும் நேரத்தில், அல்லது வெளிநாட்டிலிருந்து அம்மாவின் கோல் வந்த மறுநாள், வலி வருகிறதா? இரவில் அம்மாயியின் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறதா, "நீங்க செத்துப்போயிடுவீங்களா" என்று கேட்கிறதா? நான்கு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் அது பிரிவுப் பதற்றமாக இருக்கலாம்.

ஒரே பாடம் உள்ள நாளில் மட்டும் வலி வருகிறதா? தரம் 5 புலமைப்பரிசில் வகுப்புகளில் இது அதிகம். எழுத்துத் தெரிந்தும் சொல்லைக் கூட்டி வாசிக்க முடியாத பிள்ளை அடிக்குப் பயந்து வலியோடு எழும்புகிறது. காதில் சீழ் வடியும் பிள்ளைகளை விசேஷமாகக் கவனியுங்கள். காது சரியாகக் கேட்காததை "கவனமில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். செவிப்புலன் சோதனை செய்யாமல் எந்தப் பெயரும் வைக்கக்கூடாது. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்றால் ஆறு மாதமாவது, வீட்டிலும் வகுப்பிலும் இரண்டு இடத்திலும் தெரிய வேண்டும்.

விடுமுறையிலும் வலி நிற்கவில்லை, கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டாலும் எழும்பவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறது, சாப்பாடும் தூக்கமும் மாறிவிட்டன. இரண்டு வாரம் இப்படியிருந்தால் மனச்சோர்வை நினைக்க வேண்டும். பதின்ம வயதில் அது அழுகையாக மட்டுமல்ல, கோபமாகவும் வெளிப்படலாம். "சாகணும்னு நினைப்பு வருதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. மரக்கறிக்கு அடிக்கும் மருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட் உட்பட மூன்று கொடிய பூச்சி, களை மருந்துகளை இலங்கை தடைசெய்தபின் தற்கொலைச் சாவுகள் மேலும் குறைந்தன. கையெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாததே பல உயிர்களைக் காத்தது. அவசரமென்றால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பவும் தொடங்கினாலோ, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் பிள்ளை ஒடுங்கினாலோ, துஷ்பிரயோகம் நடக்கிறதா என்று யோசியுங்கள். அதற்குச் சிறுவர் பாதுகாப்பு உதவி இலக்கமான 1929க்கு எடுங்கள்.

யாருக்கும் கேட்காத குரல் பிள்ளைக்குக் கேட்கிறது என்றால் கோயிலில் நூல் கட்டுங்கள், குறையில்லை. அதே வாரத்தில் ஆஸ்பத்திரிக்கும் போங்கள். மிளகாய்ப் புகையும் அடியும் மட்டும் வேண்டாம்.

பயத்தால் வரும் வலி என்று தெரிந்தபின் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தங்கும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவதைக் கடினமாக்கும். வகுப்பாசிரியரோடு பேசி முதல் வாரம் இரண்டு பாடவேளை, அடுத்த வாரம் இடைவேளை வரை என்று கூட்டுங்கள். வீட்டில் தங்க நேர்ந்த நாளில் டீவியும் போனும் இல்லை. திட்டும் இல்லை.

நுவரெலியா, பதுளை அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவில் கட்டணம் இல்லை. டிஸ்பென்சரியில் அல்லது குடும்பநல உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்கிச் செல்லுங்கள், கொப்பியையும் கொண்டுபோங்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், சிங்களம் தெரிந்த பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லிவிடுகிறார்கள். தன் வீட்டுச் சண்டையைத் தன் வாயாலேயே அந்நியரிடம் சொல்ல எந்தப் பிள்ளையால் முடியும்? தமிழ் தெரிந்த தாதி ஒருவர் வேண்டுமென்று வாசலிலேயே கேளுங்கள்.