கிராஃப்ட் பீர்: கைவினையா, கைப்பக்குவமா?

சிறு ஆலைகள் தம் சொந்தப் பாணியில் செய்யும் பீரைக் குறிக்கும் ‘கிராஃப்ட் பீர்’ என்ற தொடரைத் தமிழில் எழுத நேரும்போது பலரும் ‘கைவினை பீர்’ என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். அகராதியில் கிராஃப்ட் என்பதற்கு நேரே கைவினை என்றுதான் இருக்கிறது என்பதால், இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை என்றே தோன்றும். ஆனால் கைவினை என்றதும் தமிழ் மனத்தில் எழுவது பத்தமடைப் பாயும் மானாமதுரைப் பானையும் பனையோலைக் கொட்டானும்தான். பீர் அந்த வகையில் கையால் முடையப்படுவதோ வனையப்படுவதோ அன்று. கிராஃப்ட் பீர் செய்யும் ஆலைக்குள் நுழைந்தால் கண்ணில் படுபவை துருப்பிடிக்காத எஃகுக் கலன்கள், குழாய்கள், பம்புகள், வெப்பமானிகள். வேண்டாத நுண்ணுயிர் ஒன்று நுழைந்துவிட்டால் ஒரு கலன் முழுவதும் புளித்துப்போகும் என்பதால், கொதித்து ஆறிய தானியச் சாற்றில் கை படாமல் பார்த்துக்கொள்வதே அங்கே முதல் ஒழுக்கம். கை படவே கூடாத ஒன்றைக் கைவினை என்று அழைப்பதற்கு முன்னால், அந்த ஆங்கிலச் சொல் எந்தப் பொருளில் அங்கே வந்து உட்கார்ந்தது என்று பார்த்துவிடுவது நல்லது.

முதலில் பீர். தமிழ்நாட்டில் பீர் என்றும் இலங்கையில் பியர் என்றும் எழுதப்படும் இச்சொல், பழைய ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் சிறு ஒலி மாற்றங்களோடு வழங்கிவந்த ஒன்றாகும். குடித்தல் என்னும் பொருளுடைய ‘பிபெரெ’ என்ற இலத்தீன் வினையிலிருந்து மடாலயங்கள் வழியாக வந்தது என்பார் ஒரு சாரார்; வாற்கோதுமையைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லோடு தொடர்புபடுத்துவார் மற்றொரு சாரார்; வழக்கு இன்னும் தீரவில்லை. இங்கிலாந்தில் ஏல் என்பதும் பீர் என்பதும் ஒரு காலத்தில் வேறு வேறு பானங்களாக இருந்தன. ஹாப்ஸ் என்னும் கொடியின் கைப்பான பூங்கதிர்களைச் சேர்க்காமல் செய்தது ஏல். 15ஆம் நூற்றாண்டுவாக்கில் கடலுக்கு அப்பாலிருந்த தாழ்நில நாடுகளைப் பார்த்து ஹாப்ஸ் சேர்த்துச் செய்தது பீர். இடையில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடலாம். சங்கத் தமிழிலும் பீர் என்று ஒரு சொல் உண்டு. அது பீர்க்கையையும், அதன் பூவைப் போல மேனியில் படரும் பசலை மஞ்சளையும் குறிக்கும். நிறம் பொருந்தினாலும் உறவு ஏதும் இல்லை.

கிராஃப்ட் என்பதன் கதை இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு வலிமை, ஆற்றல் என்பதே முதற்பொருள். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான ‘கிராஃப்ட்’ இன்றும் ஆற்றல் என்ற பொருளிலேயே நிற்கிறது. மின்நிலையத்தை அவர்கள் ‘கிராஃப்ட்வெர்க்’ என்பார்கள். ஆங்கிலத்திலோ அது வலிமையிலிருந்து திறமைக்கும், திறமையிலிருந்து தொழிலுக்கும் நகர்ந்தது. சூது என்ற கெட்ட பொருளையும் வழியில் ஏற்றுக்கொண்டது. 2012ஆம் ஆண்டு அமெரிக்கச் சிறு பீர் ஆலைகளின் சங்கம், தங்கள் தாய் நிறுவனத்தின் பெயரை மறைத்துச் சிறு ஆலைச் சரக்கைப் போல வேடமிட்டு வந்த பெருநிறுவன பீர்களை ‘கிராஃப்ட் அல்ல, கிராஃப்டி’ என்று சாடியபோது, அந்தப் பழைய இரட்டைப் பொருளைத்தான் கையில் எடுத்தது.

பீரோடு இச்சொல் ஒட்டிக்கொண்டது 1980களில், அமெரிக்காவில். அதற்கு முந்தைய நிலையைத் தெரிந்துகொண்டால்தான் சொல்லின் கோபம் புரியும். 1970களின் இறுதியில் அந்தப் பெரிய நாட்டில் இருந்த பீர் ஆலைகள் நூற்றுக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை சில நிறுவனங்களின் கையில். எந்த ஊரில் எந்தப் புட்டியைத் திறந்தாலும் லாகர் என்னும் ஒரே மாதிரியான, வெளிறிய, கைப்பு இல்லாத பீர். 1965இல் ஃபிரிட்ஸ் மேடேக் என்ற இளைஞர் மூடப்படும் நிலையிலிருந்த சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையை வாங்கிக் காப்பாற்றினார். ஸ்காட்லாந்தில் அமெரிக்கக் கடற்படைப் பணியில் இருந்தபோது பிரிட்டிஷ் ஏல்களை ருசித்துத் திரும்பிய ஜாக் மக்காலிஃப், 1976இல் கலிஃபோர்னியாவின் சோனோமாவில், குளிர்பானச் சாறு வந்த பழைய உலோகப் பீப்பாய்களையும் பால்பண்ணைச் சாமான்களையும் வைத்துத் தாமே ஓர் ஆலையைக் கட்டினார். நியூ ஆல்பியன் என்ற அந்த ஆலை 1982இல் மூடப்பட்டது. ஆனால் அதைப் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1980இல் கலிஃபோர்னியாவின் சிகோ நகரில் சியரா நெவாடா என்ற ஆலை தன் முதல் பீரைச் செய்தது.

இந்த வரிசையில் பலரும் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு நாள் 1978 அக்டோபரில் வருகிறது. மதுவிலக்கு 1933இல் நீங்கிய பிறகும், வீட்டில் வைன் செய்துகொள்ள இருந்த அனுமதி பீருக்கு இல்லை. அதை அனுமதிக்கும் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்டது அந்த மாதத்தில்தான். அடுத்த தலைமுறை ஆலைக்காரர்களில் பெரும்பாலோர் தம் வீட்டு அடுப்பில், சமையல் அண்டாவில் கற்றுக்கொண்டு வந்தவர்கள். என் பார்வையில் கிராஃப்ட் என்ற சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது: கருவி எதுவாக இருந்தாலும், இன்னாருடைய கையால் ஆனது என்று சொல்லத்தக்க பீர் அது.

சட்டதிட்டமான வரையறை வேறு வழியில் போயிற்று. அமெரிக்கச் சங்கத்தின் கணக்குப்படி, ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய்க்கு மேல் செய்யாததும், வேறு மது நிறுவனத்திடம் கால் பங்கோ அதற்கு மேலோ உரிமையை விட்டுக்கொடுக்காததும் கிராஃப்ட் ஆலை. ஒரு பீப்பாய் ஏறத்தாழ 117 லிட்டர் என்பதால், 70 கோடி லிட்டர் வரை செய்பவரும் ‘சிறியவர்’ ஆகிறார். முன்பு இருந்த 20 லட்சம் என்ற வரம்பு ஓர் உறுப்பினர் வளர்ந்ததை ஒட்டி உயர்த்தப்பட்டது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். மரபு முறையில் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை 2018இல் கைவிடப்பட்டது. ஆக, கைவினைக்கு மிக அருகில் நின்ற ஒரே கூறும் வரையறையிலிருந்து வெளியேறிவிட்டது.

இனி, வகைகள். பீரை வகைபிரித்துப் பேசும் இன்றைய பழக்கத்துக்கு வழிவகுத்தவர் 1977இல் உலகப் பீர்களைப் பற்றி நூல் எழுதிய மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர், பாடகர் அல்லர். ஈஸ்ட் மேலே எழுந்து நொதிக்கச் சற்று வெதுவெதுப்பாக ஆகும் ஏல், குளிரில் மெதுவாக ஆகும் லாகர் என்பதே இன்றைய அடிப்படைப் பிரிவு. ஜெர்மன் மொழியில் லாகர் என்றால் கிடங்கு; குளிர்ந்த நிலவறையில் நாள்பட வைத்திருந்ததால் வந்த பெயர். லண்டனின் சுமைதூக்குவோர் விரும்பிக் குடித்தது போர்ட்டர். 1842இல், இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹீமியாவின் பில்சென் நகரில் யோசெஃப் குரோல் செய்த பொன்னிற லாகர் ஊர்ப்பெயரால் பில்ஸ்னர் ஆயிற்று.

நம் கரையைத் தொட்ட பெயர் ஒன்றும் உண்டு. இந்தியா பேல் ஏல் என்பது இந்தியாவில் செய்ததன்று. கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் இருந்த வெள்ளையர்களுக்காகக் கப்பலேறி வந்தது. கிழக்கு லண்டனின் பௌ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சனின் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் அதற்கு இந்த வணிகம் வாய்த்தது. பீப்பாய்கள் நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, மாதக்கணக்கில் உருண்டு புரண்டு வந்து சேர்ந்தன. இந்தப் பயணத்துக்கென்றே ஹாட்ஜ்சன் ஒரு புதுவகையைக் கண்டுபிடித்தார் என்ற கதைக்குச் சான்று இல்லை. ஹாப்ஸ் மிகுந்த, ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கத்தக்க ஏல் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. ஹாப்ஸின் கைப்புப் பொருள் நுண்ணுயிர்களைத் தடுத்தது. கடல்வழி அதை இன்னும் கனியவைத்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து அமெரிக்கர்கள் இந்தப் பெயரை எடுத்து, 1972இல் ஓரிகனிலிருந்து வெளியான காஸ்கேட் என்ற ஹாப்ஸைக் கொட்டிப் பம்பளிமாஸ் தோல் மணக்கும் ஒரு புதுப் பானத்தைச் செய்தார்கள். இப்பெயரை மொழிபெயர்க்கவே கூடாது என்பது என் கருத்து. ‘இந்திய வெளிர் ஏல்’ என்றால் பொருளும் போகும், வரலாறும் போகும்.

பீரை அருந்தும் முறையிலும் இச்சொல்லின் பொருள் தெரியும். பெருநிறுவன லாகரை உறையும் குளிரில் கொடுப்பது நாக்கை மரக்கவைக்கும். அதில் மறைக்க வேண்டியது உண்டோ இல்லையோ, காட்ட வேண்டியது அதிகமில்லை. நல்ல ஏலைப் பானைத் தண்ணீரைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக, வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் சாய்த்து ஊற்றி, நுரை இரண்டு விரற்கடை நிற்கும்படி விட்டு, முதலில் முகர வேண்டும். ஜெர்மன் கோதுமை பீரில் பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டும் போடப்பட்டவை அல்ல, ஈஸ்ட் உண்டாக்கியவை. ஸ்டவுட் என்னும் கரிய பீரின் காப்பி மணம் கருக வறுத்த தானியத்திலிருந்து வருவது. டிகிரி காப்பிக்குப் பழகிய நாக்குக்கு முதல் நாளே பிடிபடுவது பெரும்பாலும் அதுதான்.

இப்போது தமிழுக்கு வருவோம். பீர் செய்வதற்கான சொற்கள் நம்மிடம் சிதறிக் கிடக்கின்றன. தானியத்தை முளைகட்டி, காயவைத்து, அரைப்பதுதான் மால்ட். குழந்தைக்குக் கொடுக்கும் ராகி மால்ட்டும் அதே வேலைதான். ஆகவே முளைமா என்று தயங்காமல் எழுதலாம். ஈஸ்ட்டுக்கு இலங்கைப் பாடநூல்கள் மதுவம் என்ற அழகான சொல்லைத் தந்திருக்கின்றன. காவல்துறைச் செய்திகளில் அடிக்கடி வரும் ‘சாராய ஊறல்’ என்பது நொதித்த, இன்னும் காய்ச்சி வடிக்காத நீர்மம். நுட்பமாகப் பார்த்தால் பீரும் ஓர் ஊறலே, ஆனால் அழிக்கப்பட்ட பானைகளின் நினைவு அச்சொல்லை விட்டுப் போகாது. வடிசாலை என்பதைப் பீர் ஆலைக்கு வைப்பது பிழை. அது சாராயம் வடிக்கும் இடம்.

பழைய இலக்கியம் இன்னும் துல்லியமானது. தோப்பி என்பதற்கு நெல்லாற் சமைத்த கள் என்று பொருள் கூறுவர். தென்னை, பனையில் இறக்கும் கள்ளன்று, தானியக் கள். பெரும்பாணாற்றுப்படையில் அதன் செய்முறையே வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, புற்றாஞ்சோறு போன்ற நல்ல அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயையுடைய சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். அந்த அடையை முளையால் ஆனது என்று கொள்வது உரை மரபு. களி, முளை, ஆறவைத்தல், நொதித்தல், வடிகட்டல் என்று பில்சென் ஆலையில் நடக்கும் படிகளெல்லாம், ஹாப்ஸ் ஒன்று நீங்கலாக, அந்தச் சில அடிகளில் இருக்கின்றன. வீட்டில் செய்ததை அதே நூல் ‘இல்லடு கள்’ என்கிறது. அடுதல் என்றால் சமைத்தல். ஆங்கிலத்தில் பீர் செய்வதைக் குறிக்கும் ‘புரூ’ என்ற வினைக்கும் கொதித்தல் என்பதே வேர்ப்பொருள்.

இவ்வளவு இருந்தும், கிராஃப்ட் பீருக்கு நேராகத் தோப்பி என்று வைக்க நான் துணியமாட்டேன். அது அரிசி பீருக்கே இருக்கட்டும். அளவைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘சிற்றாலை பீர்’ என்பது சரியாக இருக்கும். பெங்களூரில் விடுதிக்குள்ளேயே செய்து ஊற்றும் பீருக்கு அது நன்றாகப் பொருந்தும். ஆனால் செய்தவரின் முத்திரை என்ற பொருளுக்கு நாம் அன்றாடம் சொல்லும் ஒரு சொல் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது: கைப்பக்குவம். ஒரே அரிசி, ஒரே பருப்பு, ஒரே அடுப்பு என்றாலும் இன்னார் வைத்த சாம்பார் என்று அறியவைப்பது அதுவே. மிக்ஸியில் அரைத்தாலும் அம்மியில் அரைத்தாலும் கைப்பக்குவம் கைப்பக்குவம்தான். பக்குவம் என்பதற்குப் பதம், முதிர்ச்சி என்ற பொருள்களும் உள்ளதால், நாள்பட விளையும் பானத்துக்கு அது கூடுதலாகப் பொருந்துகிறது. பக்குவம் வடசொல் ஆயிற்றே என்பவர்கள் ‘கைமணம்’ என்று சொல்லிப் பார்க்கலாம். முகர்ந்து அறியும் பானத்துக்கு அதுவும் தகும். நான் ‘கைப்பக்குவ பீர்’ என்றே எழுதிவருகிறேன்.

அதைச் செய்பவருக்கு என்ன பெயர் என்பது எஞ்சுகிறது. ஆங்கிலத்தில் இன்று குடும்பப் பெயராக வழங்கும் ‘புரூஸ்டர்’ என்பது பீர் செய்யும் பெண்ணைக் குறித்த பழஞ்சொல். தமிழிலும் அவர்கள் பெண்களே. ‘கள்ளடு மகளிர்’ என்று பெரும்பாணாற்றுப்படை அவர்களைக் காட்டுகிறது. அவர்கள் வட்டில்களைக் கழுவி ஊற்றிய நீர் வழிந்து வாசலில் குழம்பாகிக் கிடக்க, அந்தச் சேற்றில் பன்றிக்குட்டிகள் புரண்டுகொண்டிருக்கின்றன.