கீழ்த்தட்டில் ஒரு காலியிடம்

மதுக்கடையில் காசு பார்க்கும் சரக்கெல்லாம் கண் உயரத்தில் நிற்கும். மலிவானதை எடுக்கக் குனிய வேண்டும். கெண்டக்கி மாநிலம் லூயிவில்லில் நான் கவுண்டரில் நின்ற கடையில், அப்படிக் குனிந்தவர்களில் பாதிப் பேர் கையில் காசில்லாதவர்கள் அல்ல, விவரம் தெரிந்தவர்கள். அவர்கள் எடுத்தது ஹெவன் ஹில் நிறுவனத்தின் 6 வருட பர்பன்; அதாவது பீப்பாயில் ஆறு வருடம் ஊறிய, சோளம் மிகுந்த அமெரிக்க விஸ்கி. வெள்ளை லேபிள், 50 சதவீத ஆல்கஹால், விலை 15 டாலருக்குள். கெண்டக்கியைத் தாண்டினால் கடைகளில் கிடைத்ததில்லை. பக்கத்து மாநிலத்திலிருந்து கார் டிக்கியைக் காலியாக வைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

2018 கடைசியில் வரத்து நின்றது. விநியோகஸ்தரின் ஆள் "அடுத்த வாரம்" என்றார். நானும் அதையே வாடிக்கையாளர்களிடம் சொன்னேன். வெள்ளிதோறும் வரும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நான்கு வாரம் என்னை நம்பினார். ஐந்தாவது வாரம் கேட்கவில்லை; கீழ்த்தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நிறுவனம் அந்தச் சரக்கையே நிறுத்திவிட்டது என்பது எனக்கும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

விற்காததால் நின்றுபோனது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மை நேர்மாறு.

2018இல் பாட்டிலாகும் 6 வருட பர்பன், 2012இலேயே பீப்பாய்க்குள் போயிருக்க வேண்டும். 2012இல் இவ்வளவு கிராக்கியை எதிர்பார்த்தவர்கள் குறைவு. இன்று கூடுதலாகக் காய்ச்சினாலும் அதற்கு ஆறு வயதாக ஆறு வருடம் ஆகும், குறுக்குவழி கிடையாது. பர்பனுக்கு உள்புறம் கரியாக்கிய புது ஓக் கொள்கலன்தான் வேண்டும் என்பது சட்டம். சுமார் 200 லிட்டர் பிடிக்கும் அந்தப் பீப்பாயிலிருந்து வருடாவருடம் கொஞ்சம் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். இப்படி வளர்த்த சரக்கை 15 டாலருக்குள் விற்பதா, இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்து மேல்தட்டுக்கு அனுப்புவதா? வியாபாரியின் இடத்தில் நீங்கள் இருந்தால் யோசிக்கவே மாட்டீர்கள். நானும்தான்.

2019இல் அதே பெயரில் 7 வருட பர்பன் வந்தது. புது பாட்டில், பளபளப்பான லேபிள், விலை ஏறக்குறைய 40 டாலர். வயது ஒன்று கூடியது, விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மறைந்த பிராண்ட் திரும்பி வருகிறது என்று கேட்டால் சந்தோஷப்படுவதற்கு முன் விலைச்சீட்டைப் பாருங்கள்.

இந்தச் சரக்கையாவது ஒரேயடியாக நிறுத்தினார்கள். லேபிளில் உள்ள வயது மட்டும் சத்தமில்லாமல் மறைவதும் உண்டு. அதே நிறுவனத்தின் எலைஜா கிரெய்க் பர்பன் பாட்டிலின் முன்பக்கம் 12 வருடம் என்றிருந்தது. பிறகு அந்த எண் பின் லேபிளுக்குப் போனது. 2016இல் அங்கிருந்தும் போனது. அதன் பிறகு 8 முதல் 12 வருடம் வரையிலான சரக்கின் கலவை என்றார்கள். வெரி ஓல்ட் பார்ட்டன் என்ற இன்னொரு பர்பன் இன்னும் வேடிக்கை. கழுத்தில் இருந்த "6 வருடம்" வெறும் "6" ஆனது, வருடம் என்ற சொல் மட்டும் காணாமல் போயிற்று. வேகமாக எடுப்பவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. நான்கு வருடத்துக்குக் குறைந்தால்தான் வயதைப் போட்டே ஆக வேண்டும். அதற்கு மேல் போடுவது அவர்கள் விருப்பம். போட்டால் கலவையில் உள்ள மிக இளையதன் வயதைத்தான் போட வேண்டும். அதனால்தான் எண் இருக்கும் லேபிளுக்கு அவ்வளவு மதிப்பு.

எண் இல்லாவிட்டாலும் "பாட்டில்ட் இன் பாண்ட்" என்ற மூன்று சொற்களைத் தேடுங்கள். 1897இல் வந்த சட்டம் அது. ஒரே ஆலை, ஒரே பருவத்தில் காய்ச்சியது, அரசின் கண்காணிப்புக் கிடங்கில் குறைந்தது நான்கு வருடம், சரியாக 50 சதவீதம். காய்ச்சிய ஆலையின் எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். வெள்ளை லேபிளில் இருந்த டிஎஸ்பி-கேஒய்-1, லூயிவில்லின் பெர்ன்ஹைம் ஆலையின் எண். அதே ஆலையில், அதே 78 சதவீதம் சோளம் சேர்ந்த தானியக் கலவையில் காய்ச்சப்படும் இவான் வில்லியம்ஸ் பாட்டில்ட் இன் பாண்ட் பர்பன் அப்போதும் 20 டாலருக்குள் கிடைத்தது. ஆறு வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை, அவ்வளவுதான். கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டினேன். (குடிக்கச் சொல்லி எழுதவில்லை. குடிப்பவர் ஏமாறக் கூடாது என்றுதான்.)

ஏமாந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஓர் இளைஞர், இணையத்தில் யாரோ ஒருவரிடம் வாங்கிய பழைய வெள்ளை லேபிளைக் கொண்டுவந்து "அசலா?" என்று கேட்டார். கடையில் விற்ற விலையைப் போல ஆறு மடங்கு கொடுத்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கழுத்து வரை இருக்க வேண்டிய சரக்கு ஒரு விரல் கீழே நின்றது. மூடியைத் தொட்டதுமே சுற்றியது. என்ன ஊற்றியிருந்தார்களோ! காலி பாட்டில்களும் இணையத்தில் விலை போகின்றன. காலி பாட்டிலை யார், எதற்கு வாங்குவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உரிமமில்லாமல் தனியார் தனியாருக்கு மது விற்பதே அங்கு சட்டவிரோதம். அதனால் ஏமாந்தவர் புகார் கொடுக்கவும் தயங்குகிறார். பழைய பாட்டில்தான் வேண்டுமென்றால், தனியாரிடமிருந்து அவற்றை வாங்கி விற்க உரிமம் பெற்ற கடைகளுக்குக் கெண்டக்கி 2018 முதல் வழி செய்திருக்கிறது. விலை அதிகம்தான். ஆனால் பில் உண்டு, திரும்பிப் போய்க் கேட்க ஒரு முகவரியும் உண்டு.

7 வருட பாட்டில் எங்கள் கடைக்கு வந்தபோது கண் உயரத்தில் வைத்தோம். அந்தப் பெரியவர் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின் லேபிள் வரை படித்தார். திருப்பி வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.