சத்து மாத்திரைக்கு வேட்டு வைக்கும் டீ

கலம்காரித் துணியில் அந்தக் கறுப்புக் கோடு எப்படி வருகிறது தெரியுமா? முதலில் துணியைக் கடுக்காய் கலந்த பாலில் நனைத்துக் காயவைப்பார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் பல நாள் ஊறவிட்டு, அந்தக் கரைசலைத் தொட்டுக் கோடு இழுப்பார்கள். கடுக்காயின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்ததும் கறுப்பு ஏறிவிடும். துவைத்தாலும் போகாது.

சத்து மாத்திரையை டீயோடு விழுங்கும் கர்ப்பிணியின் வயிற்றிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. இரும்பு பெரும்பாலும் ஃபெரஸ் சல்ஃபேட்டாக இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்பதும் அதே உப்புதான். டீயில் இருப்பதோ துவர்ப்பு. ஒரு மாத்திரையை நசுக்கி, பால் சேர்க்காத டீயில் போட்டுப் பாருங்கள், மை மாதிரி கறுக்கும். அப்படிப் பிணைந்துபோன இரும்பைக் குடலால் உறிஞ்ச முடியாது. மாத்திரைக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையும் இடைஞ்சல்தான், அதையும் வேறு வேளைக்குத் தள்ளிவிடுங்கள்.

கர்ப்ப காலம் முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி பாதியளவு வரை கூடிவிடும். சிவப்பணுக்கள் அந்த வேகத்துக்குக் கூடுவதில்லை, சாம்பாரில் தண்ணீர் விட்ட கதைதான். அதனால்தான் ரத்தசோகை என்று சொல்வதற்கான ஹீமோகுளோபின் எல்லை மற்றப் பெண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் 12 கிராம், கர்ப்பிணிகளுக்கு 11. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019–21) இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேர் அந்த எல்லைக்குக் கீழே இருந்தார்கள்.

சரி, சாப்பாடு? பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். அது வெறும் நிறமி, இரும்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, ஆனால் பெரும்பாலும் ஃபெரிக் என்ற வடிவில். அதை, மாத்திரையில் இருப்பது போன்ற ஃபெரஸ் வடிவுக்கு மாற்றினால்தான் குடல் உள்ளே விடும். வைட்டமின் சி அந்த வேலையைச் செய்துகொடுக்கும். பொரியலை இறக்கி வைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் கொதித்தால் வைட்டமின் சி வீணாகும். கறி, மீனில் இருக்கும் இரும்பு வேறு கூட்டுக்குள் பத்திரமாக வருவதால் டீயின் துவர்ப்பு அதை அவ்வளவாகத் தொடுவதில்லை.

அப்புறம், மலம் கறுத்துப்போவதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மாத்திரை சாப்பிடும் நாட்களில் அப்படித்தான் இருக்கும், உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்ச இரும்பு வெளியே போகிறது.